தள்ளுபடி

ஆடி மாதம் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுத் துணிக்கடைகளின் வாசலில் ‘ஆடித் தள்ளுபடி’ என்னும் பலகை தொங்கும். ஆடியில் திருமணம் நடத்தும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆதலால் விற்பனை மந்தமாகும். தேங்கிய சரக்கை விற்பதற்காக வணிகர் விலையில் ஒரு பகுதியைத் தள்ளிவிடுவர். 800 ரூபாய்ச் சேலைக்கு 30 விழுக்காடு தள்ளுபடி என்றால் 240 ரூபாய் குறையும். 560 ரூபாய் கொடுத்தால் போதும். ‘30 விழுக்காடு வரை’ என்று எழுதியிருந்தால் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். எல்லாச் சேலைகளுக்கும் அவ்வளவு குறையாது என்பதை ‘வரை’ என்னும் சிறு சொல் உணர்த்துகிறது.

புத்தகக் கடைகளில் விலைக்குறைப்பைக் ‘கழிவு’ என்றும் கூறுவர். தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இன்னொரு சொல்லும் உண்டு. மலையாளத்தில் விலைக்குறைப்பு ‘கிழிவு’ எனப்படும். அதைக் கேட்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிழிந்த துணி நினைவுக்கு வரலாம். ஆனால், மலையாளத்தில் ‘கிழியுக’ என்பதற்குக் கீழிறங்குதல் என்பது பொருள். விலை இறங்கியதையே அச்சொல் குறிக்கிறது.

தள்ளுபடி என்னும் சொல் கடைவாசலோடு நின்றுவிடுவதில்லை. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, கூட்டுறவு நிறுவனங்களில் உழவர்கள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அங்கே தள்ளப்பட்டது கடன். உழவரின் சுமை குறைந்தது.

மற்றோரிடத்தில் அதே சொல் வேறு முகம் காட்டும். வடநாட்டு நகரம் ஒன்றில் படிக்கும் சிறுமி ஒருத்தி, விடுமுறைக்குக் கொழிஞ்சாம்பாறையிலுள்ள தன் அம்மாயி வீட்டிற்கு வந்திருந்தாள். வீட்டுமனைப் பட்டா கேட்டு அம்மாயி அளித்திருந்த மனுவுக்கு அலுவலகத்திலிருந்து தமிழில் விடை வந்திருந்தது. கண் மங்கிய அம்மாயிக்காகச் சிறுமி அதனைப் படித்தாள்.

“அம்மாயி, நமக்குத் தள்ளுபடி கிடைத்துவிட்டது!” என்று துள்ளினாள்.

அம்மாயி சிரிக்கவில்லை. “விலையைத் தள்ளினால் நமக்கு மிச்சம், கண்ணு. கடனைத் தள்ளினால் நிம்மதி. இங்கே தள்ளியிருப்பது நம் மனுவை. மறுபடி கேட்பதற்கு நாள் ஏதும் குறித்திருக்கிறதா, பார்” என்றார்.

30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசி வரியில் இருந்தது. கடிதத்தின் தேதியிலிருந்து 18 நாள்கள் கழிந்திருந்தன. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதவும் அம்மொழியிலேயே விடை பெறவும் உரிமை அளிக்கிறது. அன்று மாலை அம்மாயி ஒவ்வொரு வரியாகச் சொல்ல, சிறுமி தமிழில் எழுதினாள். கையெழுத்திடுவதற்கு முன், எழுதியதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார் அம்மாயி.