பனி பெய்யாத ஊரின் பனிச் சாலை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, மீமிசல் தாண்டி வடக்கே வந்தால் ஜெகதாப்பட்டினம். அதையடுத்து கோட்டைப்பட்டினம். புதுக்கோட்டை மாவட்டத்தின் இந்த இரண்டு மீனவ ஊர்களின் பெயர்களும் செய்தித்தாளில் பெரும்பாலும் சேர்ந்தேதான் வரும். அதுவும் இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்துக்கொண்டு போனது என்ற செய்தியில்.

ஊரைப் பார்க்கவென்று வருகிறவர்கள் குறைவு, கடந்து போகிறவர்கள்தான் அதிகம். கார்த்திகை பிறந்தால் இந்தக் கூட்டம் பெருகிவிடும். ராமேஸ்வரம் போகிற ஐயப்ப பக்தர்களின் வேன்கள், வேளாங்கண்ணிக்குப் போகிற கார்கள், மார்கழித் திருவாதிரைக்கு ஆவுடையார்கோயில் வருகிற குடும்பங்கள், கோடியக்கரையில் பறவை பார்க்கக் கிளம்பியவர்கள் என்று தை முடியும்வரை ஓயாது. எல்லோருக்கும் விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரம். பனி இறங்குவதும் அதே நேரத்தில்தான்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழியே உண்டு. மழைக்காலம் முடிந்து கண்மாய்களெல்லாம் நிரம்பிக் கிடக்கும்போது, காற்றில்லாத தெளிந்த இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய ஈரக்காற்று மூடுபனியாகிப் பள்ளமான இடங்களில் தங்கும். கண்மாய்க்கரை, இறால் பண்ணை ஓரம், ஓடைப் பாலம் இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். ஒரு கிலோமீட்டர் தெளிவாக இருந்த சாலை, பாலத்தை நெருங்கியதும் பஞ்சு மூட்டைக்குள் போய்விடும்.

அப்போது கை தானாக பிரைட் லைட்டைப் போடும். அதுதான் தவறு. மேல்நோக்கிப் போகும் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வந்து, எதிரே வெள்ளைச் சுவரை எழுப்பிவிடும். டிம் வெளிச்சமோ தரையைக் காட்டும். இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போகலாம். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டுகிற பழக்கமும் நல்லதல்ல. அந்த வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா, திரும்பப்போகிறதா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

மெதுவாக என்றால் எவ்வளவு? மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே ஒரு நொடி ஆகும். காய்ந்த சாலையிலும் அது முழுதாக நிற்க ஏறக்குறைய 60 மீட்டர் வேண்டும். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் 20 மீட்டர் போதும். கண்ணுக்குத் தெரிகிற தூரம் 30 மீட்டர்தான் என்றால் எந்த வேகத்தில் போவது என்பதை அந்த 30 மீட்டரே சொல்லிவிடும். பக்தர்கள் உடுத்துவது கறுப்பு, நீல வேட்டி. இருட்டில் சாலையோரம் நடக்கும்போது பக்கத்தில் வரும்வரை தெரிய மாட்டார்கள். சிவப்பு விளக்கோ ஒளிரும் ஸ்டிக்கரோ இல்லாத டிராக்டர் டிரெய்லரும் அப்படித்தான்.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை கண்ணாடி. ஏ.சி.யைக் கடுமையாக வைத்தால் முன்கண்ணாடி குளிர்ந்து, வெளிப்பக்கம் ஈரம் படிந்துவிடும். துணியை எடுத்து உள்ளே துடைத்துத் துடைத்துக் கை வலிப்பதுதான் மிச்சம். வைப்பரைப் போட்டு, ஏ.சி. குளிரைக் குறைத்தால் சரியாகிவிடும். உள்பக்கம் படிந்தால் மட்டும் ஏ.சி. காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டும்.

பனிதான் இப்படி. ஐஸும் இந்த ஊர்ச் சாலையில் உண்டு. கடலுக்குப் போன விசைப்படகுகள் மறுநாள் அதிகாலையில் கரை திரும்பும். ஐஸ் பார்களை உடைத்துக் கொட்டி, நண்டும் இறாலும் மீனும் பெட்டிகளில் ஏறும். அந்த வண்டிகளிலிருந்து ஐஸ் உருகிய தண்ணீர் மீன் கொழகொழப்போடு சாலையில் ஒழுகிக்கொண்டே போகும். பனியில் நனைந்த தாரில் அது சேர்ந்தால் பைக்கில் வருபவருக்கு எமன்தான். வளைவில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். தை மாதத்தில் சாலையில் காயப்போட்ட நெல்லும் வைக்கோலும் இதே வேலையைச் செய்யும். போதாததற்கு அந்த நெல்லைச் சுற்றி வரிசையாகக் கல் வேறு!

மணாலிக்குக் காரில் கிளம்பும் நம் குடும்பங்கள் அங்கே சந்திப்பதும் இதேபோல ஒரு வழுக்கல்தான், அளவு மட்டும் பெரிது. 2020இல் திறந்த 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை லாஹௌல் பள்ளத்தாக்கைக் குளிர்காலத்திலும் எட்ட வழிசெய்துவிட்டது. ஆனால் அங்கே சாலையில் படியும் மெல்லிய ஐஸ் கண்ணாடிபோல இருப்பதால், வெறும் ஈரம் என்றே தோன்றும். பாலங்களில் அது முதலில் உறையும், ஏனென்றால் அடியிலும் குளிர்காற்று ஓடுகிறது. ஐஸில் வண்டி நிற்க, காய்ந்த சாலையைப்போல பத்து மடங்கு தூரம்கூட ஆகலாம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்குள்ளவர்கள் காரில் குளிர்கால டயர் மாட்டியே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் ஊர் டயரோடு அங்கே வீரம் காட்டாமல், சக்கரத்தில் சங்கிலி கட்டத் தெரிந்த உள்ளூர் ஓட்டுநரின் வண்டியில் ஏறிக்கொள்வதே மேல். வழுக்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய பக்கம் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்புவது அங்கேயும் இங்கேயும் பொது.

எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் தூக்கத்தை ஏமாற்ற முடியாது. டீக்கு நிறுத்துவது நல்லதுதான், எங்கே நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். 2023 டிசம்பர் 30 அதிகாலையில் இதே புதுக்கோட்டை மாவட்டத்து நமணசமுத்திரத்தில், சாலையோர டீக்கடையில் நின்ற பக்தர்கள்மீது சிமெண்ட் லாரி பாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் செய்த தவறு எதுவுமில்லை. ஆனாலும் வண்டியைச் சாலையைவிட்டு நன்றாக உள்ளே தள்ளி, பெட்ரோல் பங்க் வளாகத்திலோ மண்டபத்திலோ நிறுத்துவது அந்த ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

பனி கலைய வெயில் ஏறினால் போதும். அதுவரை ஜெகதாப்பட்டினத்தில் இறங்கி, படகு கரை சேர்வதையும் மீன் ஏலம் போவதையும் பார்க்கலாம். செருப்பு மட்டும் வழுக்காததாக இருக்கட்டும்.