வெள்ளி வண்டியும் பெரியம்மாவின் முழங்காலும்!

"வண்டி ஒண்ணு பார்க்கப் போறோம், வர்றியாம்மா?" என்று பெரியப்பா கேட்டபோது கார் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது வீடு. சக்கரம் வைத்த வீடு!

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரில் 28 வருடங்களாக இருக்கிறார் பெரியப்பா. அடுத்த வருடம் ரிட்டையர்மென்ட். லீவுக்குப் போயிருந்த என்னிடம் முதல் நாளே போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். மூலைகளெல்லாம் உருண்டு, வெள்ளிக் குடம் மாதிரி பளபளக்கும் 'ஏர்ஸ்ட்ரீம்' டிரெய்லர். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உண்டு.

"யெல்லோஸ்டோன் வரைக்கும் இதுலதான் போகப்போறோம்" என்றார்.

"அந்தப் 'போறோம்'ல நான் இருக்கேனா?" - கிச்சனிலிருந்து பெரியம்மா.

வெள்ளிக்கிழமை காலை மூவரும் கிளம்பினோம். ஒன்றரை மணி நேரப் பயணம். இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் சோயாவும். ஜாக்சன் சென்டர் நம்மூர் கிராமம் அளவுக்கு ஒரு சின்ன ஊர். 1952-லிருந்து ஏர்ஸ்ட்ரீம் இங்கேதான் தயாராகிறது.

1931-ல் வாலி பையம் என்பவர் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி இது. விமானத்தின் உடம்பைப் போலவே, அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்க்கிறார்கள். வெளியே ஒருவர் ரிவெட்டை அடிக்க, உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டையால் முட்டுக்கொடுக்கிறார். இரண்டு கைகள் ஒத்துப்போனால்தான் ஒரு ரிவெட்!

1969-ல் நிலாவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 வீரர்களைக் கிருமி பயத்தில் தனிமைப்படுத்தி வைத்தார்களே, அந்தப் பெட்டியும் ஏர்ஸ்ட்ரீமை மாற்றியமைத்ததுதான். அதன் ஜன்னல் வழியாகத்தான் அதிபர் நிக்சன் அவர்களிடம் பேசினார். நீல் ஆம்ஸ்ட்ராங்கின் சொந்த ஊரான வாபகொனெட்டா இங்கிருந்து அரை மணி நேரத்துக்குள்தான்.

புதிதாக வாங்கினால் 25 அடி வண்டி ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். அதனால் பெரியப்பா பழசு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். 2012 மாடல், 25 அடி. விலை 52,000 டாலர். அவரது சேமிப்பில் பெரிய பங்கு.

தட்டிப் பார், முகர்ந்து பார்!

விற்பவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். "இனிமேல் தூரமாக ஓட்ட முடியவில்லை" என்றார். பெரியப்பா ஒரு நோட்டில் எழுதிவந்த பட்டியலை எடுத்தார்.

டிரெய்லருக்கு முதல் எதிரி தண்ணீர். கூரை, ஜன்னல் விளிம்பு வழியாகக் கசிந்தால், பிளைவுட் தரை சத்தமில்லாமல் உளுத்துப்போகும். கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை வருகிறதா என்று முகர்ந்தார். மூலைகளில் காலால் அழுத்தினார். பின் பம்பர் மேல் ஏறி நின்று மெதுவாகக் குதித்தார். அடிச்சட்டமும் உடம்பும் சேர்ந்து அசைய வேண்டும். தனித்தனியாக அசைந்தால் ஆபத்து. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். தேயாத டயரும் வயதாகி வெடிக்கும் என்பதால் அதையும் பார்த்தார். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரை ஒழுங்காக வடித்தார்களா என்று கேட்டார். இல்லையென்றால் உறைந்து வெடித்துவிடும்.

எல்லாவற்றிலும் வண்டி பாஸ்! பெரியப்பா முகத்தில் மாப்பிள்ளைக் களை.

அப்போது அந்தப் பெரியவரே கேட்டார், "எந்த காரில் இழுப்பீர்கள்?"

வாசலில் நின்ற எஸ்.யு.வி-யைக் காட்டினார் பெரியப்பா. பெரியவர் டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். சாமான், தண்ணீரோடு அதிகபட்ச எடை 7,300 பவுண்டு. அதாவது 3,300 கிலோவுக்கு மேல். எங்கள் காரின் இழுவைத் திறன் 5,000 பவுண்டு. காலி வண்டியே அதைத் தாண்டிவிடும். தண்ணீர்த் தொட்டி நிரம்பினாலே இன்னும் 140 கிலோ.

இன்னொரு கணக்கும் உண்டு. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவிகிதம் காரின் கொக்கி மேல் உட்காரும். இதற்கு 730 பவுண்டாவது வரும். எங்கள் கார் தாங்குவது 500. மீறினால் காரின் முன்பக்கம் லேசாகி, ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்காது. இறக்கத்தில் பிரேக்கும் திணறும்.

"அப்போ பிக்கப் டிரக் வாங்கணும். இன்னொரு ஐம்பதாயிரம்" - பெரியப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

பெரியம்மாவின் அரை மணி நேரம்

இதற்குள் பெரியம்மா தன் சோதனையை ஆரம்பித்திருந்தார். போன வருடம்தான் முழங்கால் ஆபரேஷன். மடக்குப் படியில் நான்கு முறை ஏறி இறங்கினார். கட்டிலில் படுத்து எழுந்தார். அடுப்பு முன்னால் நின்று, கற்பனையில் ரசம் வைத்தார். பாத்ரூமில் உட்கார்ந்து, கதவைப் பிடித்து எழுந்தார். கடைசியாக ஒரு கேள்வி.

"கழிவுத் தொட்டி நிறைஞ்சா யாரு கொட்டுறது?"

பெரியப்பாவின் பட்டியலில் அது இல்லை.

திரும்பும் வழியில் அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியம்மாதான் தொடங்கினார். "வண்டி தங்கமாட்டம் இருக்கு. நான் வரமாட்டேன்னு சொல்லலையே. ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்து, தங்கிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

வண்டி நல்லதா என்று பார்ப்பது பாதி வேலைதான். அதை இழுக்கிற கார், ஏறி இறங்குகிற கால், கூட வருகிறவரின் மனசு... இதையெல்லாம் எடைபோடுவது மீதி. நீங்கள் எந்த வண்டி வாங்கப் போனாலும், கூட வருகிறவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

நான் சென்னை திரும்பிய பிறகு, செப்டம்பரில் பெரியம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. ஒஹையோவின் ஹாக்கிங் ஹில்ஸ் காடு, 16 அடி வாடகை டிரெய்லர், அடுப்பில் ரசம். கீழே ஒரே ஒரு வரி:

"கொட்டினது உங்க பெரியப்பாதான்!"