பிளேட்டை மாற்றும் முன்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில், பழைய கார்களை மட்டுமே பார்க்கும் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். பெங்களூரிலிருந்து வந்த மார்க் 2 அம்பாசடர் ஒன்று நின்றிருந்தது. பெயின்ட், குரோமியம், சீட் எல்லாம் புதிது. கிளட்ச் பிளேட்டும் புதிதுதான். சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஸ்லிப் ஆகத் தொடங்கிவிட்டது. மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைகிறது, வண்டி வேகமெடுப்பதில்லை.

கியர்பாக்ஸை இறக்கி வேறு பிளேட் போட்டு அனுப்புவதுதான் பல இடங்களில் வழக்கம். இந்த மேஸ்திரி ஸ்பேனரை எடுக்கவில்லை. "தேஞ்சது பிளேட்டு சார், தேய வெச்சது வேற. அதைப் பிடிக்காம புதுசு போட்டா அதுவும் போயிடும்" என்றார்.

முதல் சந்தேகம் ஆயில். இந்த 1489 சி.சி. இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. இன்ஜின் தளர்ந்தால் அந்த வழியே ஆயில் கசிந்து லைனிங்கை நனைத்துவிடும். பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் விரல்விட்டுப் பார்த்தார்; ஈரமில்லை. அடுத்தது ஓட்டுபவரின் கால். உரிமையாளரை ஓட்டச் சொல்லி ஒரு சுற்று போய்வந்தார். அவர் கிளட்ச்சில் கால் வைத்தபடி ஓட்டுபவர் அல்ல.

அந்தச் சுற்றில்தான் நூல் கிடைத்தது. கிளம்பும்போது பெடலில் இருந்த பிளே, சூடேறியதும் காணாமல் போயிருந்தது. "தம்பி, ஸ்லேவ் சிலிண்டர் நிப்பிளை லூஸ் பண்ணு." ஃப்ளூயிட் பீய்ச்சியது, கிளட்ச் ஃபோர்க் பின்வாங்கியது. காலை எடுத்த பிறகும் லைனில் அழுத்தம் நின்றிருக்கிறது.

உள்ளே வீங்கிய ரப்பர் ஹோஸும் இதைச் செய்யும். மறுபடி சூடேற்றி, மாஸ்டர் சிலிண்டர் பக்கம் யூனியனைத் தளர்த்தினார்கள். அங்கேயே அழுத்தம் இறங்கியதால் ஹோஸ்மேல் குற்றமில்லை. புதுப்பித்தவர்கள் பெடல் ராடை நீளமாக வைத்து இறுக்கியிருந்தார்கள். பிஸ்டன் முழுதாகத் திரும்பாததால், ஃப்ளூயிட் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடந்தது. சூட்டில் விரிந்த ஃப்ளூயிட் போக வழியின்றி, கார்பன் பேரிங்கை பிரஷர் பிளேட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் பிறகே கியர்பாக்ஸை இறக்கினார்கள். கார்பன் வளையம் தேய்ந்திருந்தது. ஃபிளைவீலில் சூட்டின் நீலத் திட்டுகள்.

மேஸ்திரியின் அப்பா இங்கிருந்த தங்கச் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அதற்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இயந்திரத்தில் கோளாறின் காரணம் தெரியாமல் விட்டால் உயிர் போகும். அந்தக் கண்டிப்பு வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று ஊரில் பலர் வேலைக்காக ரயிலேறி பெங்களூர் போய்வருகிறார்கள். இங்கேயே தங்கிய இவரைப் போன்றவர்களிடம் அந்தப் பயிற்சி இன்னும் உயிரோடிருக்கிறது.

அவருடைய பில்லில் 'செக் பண்ணின கூலி' என்று தனியாக ஒரு வரி உண்டு. பெயின்ட்டுக்குக் கணக்குப் பார்க்காதவர்கள்கூட அதில் பேரம் பேசுவார்களாம். பேசாதீர்கள். அடுத்த பிளேட்டைக் காப்பாற்றப்போவது அந்த வரிக்குரிய வேலைதான்.