கடைசி நான்கு பெயர்கள்

ஹாக்கி அணிப் பட்டியலில் முதல் பன்னிரண்டு பேரைக் குரோம்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதே எழுதிவிடலாம். மீதி நான்குதான் எழும்பூர் வரை இழுக்கும். அதில் ஒருவன் எப்போதும் இருப்பான்: ஸ்டிக் கையில் இருந்தால் எதிரணி டிஃபென்டர் இருவரை ஒரே திருப்பில் தாண்டுவான், ஆனால் தொடைத் தசையை நம்ப முடியாது. பயிற்சி செம்மண்ணில், ஆட்டமோ மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்து டர்ஃபில். டர்ஃபில் பந்தும் வேகம், திடீர் ஓட்டமும் அதிகம். பலவீனமான ஹாம்ஸ்ட்ரிங் அங்கேதான் பிடித்துக்கொள்ளும்.

“ஃபுல் மேட்ச் ஆடுவேன் சார்” என்பான். நான் நம்புவதில்லை, நம்பவும் வேண்டியதில்லை. ஹாக்கியில் வெளியே வந்தவன் எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே போகலாம். பதினைந்து நிமிடக் குவார்ட்டரில் ஃபார்வர்டுகளை மூன்று, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். அடிக்கடி அடிபடுகிற ஃபார்வர்டைத் துண்டு துண்டாகப் பயன்படுத்தலாம். அதே ஆளை சென்டர் ஹாஃபில் போட்டால் ஆபத்து. அந்த இடத்தில் ஆள் மாறினால் மொத்த அமைப்பும் கலையும். பலர் பார்ப்பது காயத்தை. நான் முதலில் பார்ப்பது அவன் நிற்கிற இடத்தை.

பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடிப்பவன் என்றால் கணக்கு வேறு. பெனால்டி கார்னர் கொடுத்துவிட்டால் அது முடியும்வரை ஆள் மாற்றக் கூடாது. தடுக்கும் அணியின் கோல்கீப்பருக்கு அடிபட்டாலோ, அவர் வெளியேற்றப்பட்டாலோ மட்டும் விலக்கு. கார்னர் கிடைக்கும் நொடியில் அவன் பெஞ்சில் இருந்தால் அவனுடைய ஃபிளிக்கால் என்ன லாபம்? எனவே கார்னர் ஆசாமிக்கு உடம்பு முழுசாக இருக்க வேண்டும். இதில் நான் கறார்.

2023 உலகக் கோப்பையில் இங்கிலாந்துடன் ஆடும்போது ஹர்திக் சிங்கின் ஹாம்ஸ்ட்ரிங் போயிற்று. அவர் நடுக்கள ஆட்டக்காரர். குணமாகிவிடுவார் என்று காத்திருந்து, கடைசியில் ராஜ்குமார் பாலை எடுத்தார்கள். நியூசிலாந்திடம் ஷூட்அவுட்டில் தோற்று வெளியேறினோம். ராஜ்குமாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுக்களத்தில் ஒருவர் போனால் போனதுதான்.

அதற்கு நேரெதிராக, கூடுதல் ஆள் கைகொடுத்தது டோக்கியோ ஒலிம்பிக்கில். முதல் பதினாறில் சிம்ரன்ஜீத் சிங்குக்கு இடமில்லை. கொரோனா காலத்தில் மாற்று ஆட்டக்காரர்களையும் களமிறக்கலாம் என்று விதி தளர்ந்ததால் உள்ளே வந்தார். ஜெர்மனியை 5-4 என வென்ற வெண்கல ஆட்டத்தில் இரண்டு கோல் அவருடையது. நம்ம ஊர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980இல் மாஸ்கோவில் தங்கம் வாங்கியபின், ஒலிம்பிக் ஹாக்கியில் 41 ஆண்டு காத்திருந்து கிடைத்த பதக்கம் அது.

பாரிஸ் ஒலிம்பிக்கில் மறுபடி பதினாறு பேர்தான். சிவப்பு அட்டை வாங்கிய அமித் ரோஹிதாஸ் அரையிறுதியில் ஆட முடியாமல் போனதும் பதினைந்து பேரோடு ஜெர்மனியைச் சந்தித்தோம்; 2-3 எனத் தோற்றோம். அங்கே ஒவ்வொரு காலும் கணக்கு.

ஆகவே தினம் ஆட்டம் வைக்கும் நாக்அவுட் போட்டிக்கு அந்தத் தொடைத் தசைப் பையனைக் கூட்டிப்போக மாட்டேன், கோபித்துக்கொண்டாலும் சரி. வாரத்துக்கு ஓர் ஆட்டம் வரும் லீக் என்றால் அவன் பெயர் இருக்கும். கடைசிக் குவார்ட்டரில், எதிரணி டிஃபென்டர்கள் மூச்சு வாங்கும்போது, நான்கு நிமிடத்துக்கு.