பவர் எழுதப் பழகியது

மன்னார்குடி வட்டாரத்தில் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ ஆள் போகாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நிலம் இங்கே இருக்கும், பட்டாக்காரர் அங்கே இருப்பார். விற்கவோ பாகம் பிரிக்கவோ வேளை வரும்போது அவருக்கு விடுப்பு கிடைக்காது. அதனால் எங்கள் ஊர்ப் பத்திர எழுத்தர்களிடம் பவர் பத்திரத்துக்கு எப்போதும் ஆள் வரும். அரசு மொழியில் அது பொது அதிகார ஆவணம். பி.காம். முடித்துவிட்டு, தமிழ்த் தட்டச்சு தெரியும் என்ற ஒரே தகுதியுடன் நான் வேலைக்குச் சேர்ந்த கடையிலும் முதலில் என் கைக்கு வந்தது அதுதான்.

ஐயா உரிமம் பெற்ற ஆவண எழுத்தர். கணினியைத் தொடமாட்டார். நான் அச்சிட்டுக் கொடுக்கும் தாளை வாங்கி மேசையில் வைத்து, சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, "வாசிம்மா" என்பார். பத்திரத் தமிழ் 'எழுதிக் கொடுத்த பொது அதிகார ஆவணம் என்னவென்றால்' என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, பக்கம் முழுக்க ஒரே வாக்கியமாக ஓடும். நான் எங்கே திணறுகிறேனோ அங்கே பென்சில் விழும். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் யார் யாருக்கு என்ன கொடுக்கிறார் என்பது குழம்பியிருக்கும்.

முதலில் பெயரில் தடுமாறினேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நம்மவர்கள் சிலர் அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள், சிலர் காலியாக விட்டிருப்பார்கள். மூலப்பத்திரத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும். பட்டாவில் ஓர் எழுத்துப்பிழை தனியாகக் குடியிருக்கும். நான் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அடித்தேன், திருப்பிக் கொடுத்தார். மூலப்பத்திரத்தில் உள்ளபடி அடித்தேன். அதையும் திருப்பிக் கொடுத்தார். காரணம் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான், "தூதரகத்துல பாஸ்போர்ட்டைப் பார்ப்பாங்க. இங்க மூலப்பத்திரத்தைப் பார்ப்பாங்க. ரெண்டு இடத்துக்கும் போறது ஒரே காகிதம்தானேம்மா?" என்றார். அதன் பிறகு இரண்டு பெயரையும் எழுதி, இரண்டும் ஒரே நபரையே குறிக்கும் என்று ஆவணத்துக்குள்ளேயே சொல்லப் பழகினேன்.

சொத்து விவரம் இன்னும் மோசம். மூலப்பத்திரத்தில் இருந்த சர்வே எண்ணை அப்படியே அடித்துவிட்டேன். இடையில் அந்த நிலம் உட்பிரிவாகி, எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து சேர்ந்திருந்தது. ஐயா தாளைக் கீழே வைத்துவிட்டார். "இங்க இருக்கறவர் கிரயம்னா, தப்பு வந்தா நாளைக்கே கூப்பிட்டுப் பிழைதிருத்தல் போட்டுக்கலாம். இவரை எங்கேருந்து கூப்பிடுவே?" அன்று முதல் மூலப்பத்திரம், நடப்புப் பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பக்கத்தில் பரப்பி, ஒவ்வொரு எண் மேலும் விரலை வைத்துக்கொண்டுதான் ஒப்பிடுகிறேன். நான்கெல்லையையும் அப்படித்தான். கண் மட்டும் ஓடினால் தெரிந்த எண்ணைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும். விரல் ஒவ்வொரு எண்ணிலும் நின்றுதான் நகரும்.

இவையெல்லாம் கடைக்குள் நடந்து கடைக்குள்ளேயே சரியானவை. ஒன்று மட்டும் கடல் தாண்டிப் போய்விட்டது.

வளைகுடாவில் ஓட்டுநராக இருந்த ஒருவருக்கு ஆவணத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். "எல்லாப் பக்கத்திலயும் கையெழுத்துப் போட்டு, தூதரகத்துல சீல் வாங்கி அனுப்புங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன். அவரும் அறையில் உட்கார்ந்து எல்லாப் பக்கத்திலும் போட்டார். உடன் தங்கியிருந்த இருவர் சாட்சி போட்டார்கள். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. "அரை நாள் சம்பளம் போச்சும்மா, பரவால்ல, வேற காகிதம் அனுப்பு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஐயாவும் திட்டவில்லை. அலமாரியிலிருந்து 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை எடுத்து 33-ஆம் பிரிவைப் பிரித்து என் முன்னால் வைத்தார். எழுதிக் கொடுப்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால் தன் பகுதிப் பதிவு அலுவலர் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர் என்றால் நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, இந்தியத் தூதரக அதிகாரி போன்றவர் முன்பு எழுதிக் கொடுத்து, அவரால் அது மெய்யென்று சான்றளிக்கப்பட வேண்டும். முன்னிலையில் கையெழுத்து, பிறகு சான்று, இரண்டு வேலை. நான் சீலை மட்டும் நினைத்துக்கொண்டு முன்னிலையை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் நான் அனுப்பும் ஆவணத்தோடு ஒரு தனித்தாள் போகும். அதன் முதல் வரி: அதிகாரி சொல்லும்வரை பேனாவைத் திறக்க வேண்டாம்.

எந்த நாட்டுக்கு எந்த வழி என்பதையும் பிறகு மெல்லக் கற்றேன். அபோஸ்டில் என்று ஒரு சான்று உண்டு. அதற்கான பன்னாட்டு உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005 ஜூலையிலும் சிங்கப்பூருக்கு 2021 செப்டம்பரிலும் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் இருப்பவர் நோட்டரி முன்பு கையெழுத்திட்டு, சிங்கப்பூர் சட்ட அகாதெமியின் அபோஸ்டில் சான்றுடன் அனுப்பலாம். உடன்படிக்கையில் சேராத நாட்டில் இருப்பவருக்கு இந்தியத் தூதரகம்தான் நேர் வழி. ஐயா எந்த நாடானாலும் தூதரகத்தையே சொல்லுவார். நம்மூர் அலுவலகங்களுக்குப் பழகிய முத்திரை அது என்பது அவர் கணக்கு. எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. தூதரகம் பல மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர்க்காரருக்கு அபோஸ்டில்தான் வசதி.

ஆவணம் வந்து சேர்ந்ததும் ஐயா முதலில் படிக்கமாட்டார், தடவிப் பார்ப்பார். அழுத்து முத்திரை போட்ட இடம் கட்டைவிரலில் மேடாகத் தட்டுப்படும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து உண்டா, புகைப்படத்தின் மேல் பாதியும் தாளில் பாதியுமாக முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு ஒரே கேள்வி: "கவர் எங்கம்மா?"

முதல்முறை கேட்டபோது அது குப்பைக்கூடையில் இருந்தது. வெளிநாட்டில் எழுதிய ஆவணத்துக்கு அங்கே நம் முத்திரைத்தாள் தேவையில்லை. இந்தியாவுக்குள் முதன்முதலில் வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும் என்கிறது 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. எங்கள் பக்கம் அட்ஜுடிகேஷன் என்று சொல்லி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு எடுத்துப்போவார்கள். வந்து சேர்ந்த நாளுக்குச் சாட்சி அந்த அஞ்சல் உறைதான். கூடையைக் கவிழ்த்துத் தேடி, டீக்கறையோடு அதை எடுத்து, துடைத்துக் கோப்பில் வைத்தேன்.

இத்தனைக்கும் பிறகு, ஆவணத்தின் நடுப்பகுதியை, அதாவது கொடுக்கப்படும் அதிகாரங்களை, நான் பழைய மாதிரியிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். 'விற்கவும், அடமானம் வைக்கவும், குத்தகைக்கு விடவும்' என்று அது நீளும். கனடாவில் இருந்த ஓர் அக்கா, அப்பா வீட்டில் தன் பாகத்தை விற்கத் தம்பிக்குப் பவர் கொடுக்க விரும்பினார். அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்துத் தொலைபேசியில் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னார் ஐயா. 'அடமானம் வைக்கவும்' என்றபோது அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "தம்பி நல்லவன்தாம்மா. ஆனா நான் விக்கத்தானே சொன்னேன்?" என்றார்.

ஐயா பென்சிலை என்னிடம் நீட்டினார். நானே அடித்தேன். அடமானம், குத்தகை என்று ஒவ்வொன்றாகப் போனது. மிஞ்சியதை வாசித்தபோது, வேண்டாததைப் போலவே வேண்டியதும் கண்ணில் பட்டது. கிரயத் தொகை அந்த அக்காவின் வங்கிக் கணக்கிலேயே சேர வேண்டும் என்று எங்குமே இல்லை. ஆவணத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்யும் அதிகாரமும் தெளிவாக இல்லை. சொன்ன அதிகாரம்தான் உண்டு, சொல்லாததை ஊகித்துச் சேர்க்க முடியாது என்றுதான் நீதிமன்றங்களும் பவரைப் படிக்கின்றன. இரண்டையும் எழுதிச் சேர்த்தேன். ஐயா வாசிக்கச் சொன்னார். எங்கும் திணறவில்லை, பென்சிலும் விழவில்லை. "அடி" என்றார். அச்சிடச் சொன்னார் என்று அர்த்தம். அன்று பேருந்தில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன், கால் வலிக்கவில்லை.

முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுக் கிரயத்துக்குப் பதில் பவர் மட்டும் எழுதித் தரச்சொல்லி வருபவர்களை ஐயா உட்காரவே விடமாட்டார். பவர் உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் அத்தோடு முடிந்தது. முகவர் விற்க வரும்போது சார்பதிவாளர் உயிர்வாழ் சான்று கேட்பதும் இதனால்தான்.

உரிமம் ஐயா பெயரில் இருப்பதால் ஆவணத்தின் அடியில் தயாரித்தவர் என்று அவர்தான் கையெழுத்துப் போடுகிறார். உரிமத் தேர்வுக்கு நான் படித்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து பவர் அனுப்பப்போகும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் எழுதுபவரை ஒருமுறை முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்காத அதிகாரம் காதில் விழுந்தால் கூச்சப்படாமல் அடிக்கச் சொல்லுங்கள். ஆவணம் வந்து சேர்ந்ததும் கவரை எறிய வேண்டாம் என்று ஊரில் இருப்பவரிடமும் சொல்லிவையுங்கள்.