அட்டவணையில் இல்லாத பாடம்

சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வு என்றாலே பல வீடுகளில் முதலில் வாங்குவது புத்தகமல்ல, சார்ட் பேப்பர்தான். தஞ்சாவூரில் பிளஸ் டூவுக்குப் போகும் என் அண்ணன் மகளும் விதிவிலக்கல்ல. மே மாத விடுமுறைக்கு டெல்லியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சுருட்டிய அட்டவணையும் பெட்டியோடு வந்து இறங்கியது. பயிற்சி மையம் ஒன்று கொடுத்ததாம். காலை நாலரைக்குத் தொடங்கி இரவு பதினொன்று வரை கட்டங்கள். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம்.

"பதினோரு மணி நேரம் படிக்கிறேன் சித்தப்பா. மாதிரித் தேர்வில் ஐம்பதைத் தாண்ட மாட்டேங்குது" என்றாள். மொத்த மதிப்பெண் 120.

நான் கிளாட் எழுதியவனல்ல. அந்தத் தேர்வே 2008இல்தான் வந்தது. அதற்கு முன் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியாகத் தேர்வு நடத்தின. ஆனால் நீதிமன்றத்தில் காகிதம் படித்தே காலம் தள்ளுகிறவன் என்பதால், வினாத்தாளைப் புரட்டியதும் விஷயம் விளங்கியது. 2020 முதல் தேர்வின் குணமே மாறிவிட்டது. நேரடி மனப்பாடக் கேள்விகள் போய், சுமார் 450 சொற்கள் கொண்ட பத்திகளைப் படித்து விடை சொல்லும் முறை வந்தது. இப்போது 120 நிமிடத்தில் 120 கேள்விகள். எல்லாம் ஆங்கிலத்தில். அவளுடைய அட்டவணையிலோ லத்தீன் சட்டத் தொடர்களுக்கு இரண்டு மணி நேரம், கணக்குக்கு இரண்டு மணி நேரம். வாசிப்புக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த பெண். கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். ஒரு பத்தியைப் படிக்க மூன்றரை நிமிடம். பத்திக்கு ஐந்து கேள்வி, ஐந்து நிமிடம் என்று வைத்தால் மிஞ்சுவது தொண்ணூறு விநாடி. கேள்விக்குப் பதினெட்டு விநாடி! இதில் யார்தான் யோசிக்க முடியும்?

அடுத்து, கடைசியாக எழுதிய மாதிரித் தேர்வைப் பிரித்தோம். 102 கேள்விக்கு விடை எழுதி 59 சரி, 43 தவறு. தவறு ஒன்றுக்குக் கால் மதிப்பெண் போக, கிடைத்தது 48.25. அந்த 43இல் விஷயம் தெரியாமல் தவறியவை 13 மட்டுமே. பத்தியை அவசரத்தில் மாற்றிப் புரிந்துகொண்டவை 17. கடைசி நிமிடக் குருட்டு ஊகம் 8. மீதி ஐந்துதான் சுவாரஸ்யம். பத்தியில் சொன்ன விதியை விட்டுவிட்டுத் தன் மனசாட்சிப்படி தீர்ப்பு எழுதியிருந்தாள். பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது விதி. பதினேழு வயதுப் பையன் கடன் வாங்கி செல்போன் வாங்குகிறான். ஒப்பந்தப்படி அவனிடம் கடனைக் கேட்க முடியுமா?

"வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்கத்தானே வேணும் சித்தப்பா?"

நியாயம்தான். ஆனால் கேட்டது அதுவல்ல.

ஆக, பதினோரு மணி நேரத்தைப் பன்னிரண்டாக்கினாலும் அந்தப் பதின்மூன்றைத்தான் தொடும். அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினோம். தினமும் காலையில் ஆங்கில நாளிதழின் தலையங்கம் இரண்டு, கடிகாரம் வைத்து. படித்ததும் சாரத்தை ஒரே வரியில் எழுத வேண்டும், தமிழில் எழுதினாலும் சரி. கணக்கிலிருந்து வருவது 10 முதல் 14 கேள்விகள்தான். அதற்கு அரை மணி போதும். சட்டமும் நடப்புச் செய்தியும் தலா 28 முதல் 32 கேள்விகள். நேரம் அங்கே போகட்டும். ஞாயிறு மாதிரித் தேர்வு, திங்கள் முழுக்கத் தவறுகளுக்கான நோட்டு. நான்கு விடைகளில் இரண்டையாவது கழிக்க முடிந்தால் மட்டுமே ஊகம். மொத்தம் ஐந்து மணி நேரம். பள்ளி திறந்தபின் மூன்று.

அண்ணன் போனில் கொதித்தார். "பாதியாகக் குறைச்சிட்டியே, விளையாட்டா?" அவர் கவலையில் அர்த்தம் இருந்தது. தையல் கடை வருமானத்தில் இன்னொரு வருடம் சும்மா உட்காரவைத்துப் படிக்கவைக்க முடியாது. நான் சொன்னது இதுதான்: கிளாட் டிசம்பரில், பிளஸ் டூ தேர்வு மார்ச்சில். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. முதல் கதவைத் தட்டுகிற வேகத்தில் இரண்டாவது கதவைப் பூட்டிவிடக்கூடாது. பழைய அட்டவணையில் பள்ளிப் பாடத்துக்கு இருந்தது முக்கால் மணி நேரம்.

அக்டோபர் மாதிரித் தேர்வில் 108 எழுதி 84 சரி. மதிப்பெண் 78. பத்திக்கு இரண்டேகால் நிமிடம். காலாண்டுத் தேர்வில் 600க்கு 531. தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்க இந்த 78 போதுமா என்பதை டிசம்பர்தான் சொல்லும். நடப்புச் செய்தியில் இன்னும் தடுமாறுகிறாள். ஆனால் அண்ணன் இப்போதெல்லாம் போனில் அவள் எத்தனை மணி நேரம் படித்தாள் என்று சொல்வதில்லை. "இந்த வாரம் இருபத்திரண்டு தப்புதான்" என்கிறார், பெருமையாக.