பீஸ் ரேட்டுக் கை

எங்கள் ஊர் தளவாய்புரத்தில் நைட்டி தைக்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பக்கத்து முகவூர், செட்டியார்பட்டியிலும் அதே கதைதான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு மிஷினில் உட்கார்ந்தால், தோள் சேர்ப்பது ஒருத்தி, கழுத்துக்குப் பைப்பிங் வைப்பது ஒருத்தி, ஓவர்லாக் அடிப்பது ஒருத்தி என்று டஜன் டஜனாக ஓடும். பீஸுக்கு இவ்வளவு என்று சனிக்கிழமை கணக்கு. பேச்சு குறைந்தால் பீஸ் கூடும் என்பதால் வேலை சூடு பிடித்த நேரத்தில் யாரும் வாயைத் திறப்பதில்லை. பிளஸ் டூ முடித்ததும் நானும் அதில் உட்கார்ந்தவள்தான். "அவ கை மிஷினுக்கு முன்னாடி ஓடும்" என்று கட்டிங் போடும் எங்கள் அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கையோடுதான் ஜப்பானுக்கு வந்தேன். தைக்க அல்ல, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள. ஆள் பற்றாக்குறையால் ஜப்பான் 2019 ஏப்ரலில் 'குறிப்பிட்ட திறன்' என்று ஒரு புதிய விசாவைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் இந்தியாவோடு அதற்கு ஒப்பந்தமும் போட்டது. நர்ஸ் படிப்பு தேவையில்லை. பதினெட்டு வயது நிரம்பி, ஜப்பானிய மொழித் தேர்விலும் பராமரிப்புத் திறன் தேர்விலும் தேறினால் போதும். பொதுவாக ஐந்து வருடம்தான், குடும்பத்தைக் கூட்டிவர முடியாது.

அதுவரை நான் பார்த்திருந்த ஒரே ஜப்பான், சங்கரன்கோவில் பக்கம் வீரிருப்பில் 2020இல் திறந்த வெள்ளைப் புத்தர் கோபுரம். காந்தியை 1933இல் வார்தாவில் சந்தித்த ஜப்பானியப் பௌத்தத் துறவி ஃபூஜி குருஜியின் நிப்போன்சான் மியோஹோஜி சங்கம் எழுப்பியது. கிளம்புமுன் அம்மா என்னை அங்கே கூட்டிப்போய், "போற எடத்துச் சாமி. ஒரு கும்பிடு போட்டுக்கோ" என்றாள். போட்டுக்கொண்டேன். மொழித் தேர்வுக்கு அது எவ்வளவு உதவியது என்று சொல்லத் தெரியவில்லை.

வேலை கிடைத்தது கிஃபு நகரத்தில். நகோயாவிலிருந்து ரயிலில் இருபது நிமிடம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரே ரெடிமேட் துணி மொத்தக் கடைகள், பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கிக் கிடந்தன. ஒரு காலத்தில் ஜப்பான் முழுக்கத் துணி போன ஊர் என்றார்கள். சொந்த ஊர் பஜாரை வயதான கோலத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

முதியோர் இல்லத்தில் பயிற்சி கொடுத்த பெண் என்னைவிட இளையவள். நான் எட்டு நிமிடத்தில் முடித்த வேலையை அவள் இருபது நிமிடம் செய்தாள். எனக்கு உள்ளூர இளக்காரம். அவள் 'மெதுவாகச் செய்யுங்கள்' என்று ஒருநாளும் சொல்லவில்லை. 'சொல்லிவிட்டுத் தொடுங்கள்' என்றுதான் சொல்வாள். போர்வையை விலக்குகிறேன், இடது கையைத் தூக்குகிறேன், கொஞ்சம் குளிரும். பதில் பேச முடியாதவரிடமும், கண்ணே திறக்காதவரிடமும் இதைச் சொல்லியாக வேண்டும். வாயை மூடினால் கை ஓடும் என்று பழகியவளுக்கு, வாயைத் திறக்காமல் கை நகரக்கூடாது என்ற சட்டம். தமிழிலேயே அவ்வளவு பேசாதவள் நான். ஜப்பானிய மொழியில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வாக்கியம் தேட வேண்டியிருந்தது. வாக்கியம் தேடுகிற நேரத்தில் கை தானாக நின்றது. என் வேகம் குறைந்தது பக்குவத்தால் அல்ல, இலக்கணத்தால்.

எட்டாம் அறைப் பாட்டிக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்திருந்தது. சட்டை மாற்ற அங்கே ஒரு முறை இருக்கிறது. கழற்றும்போது நல்ல கை முதலில், போடும்போது விழுந்த கை முதலில். மடங்காத கைக்குத் துணி தளர்வாக இருக்க வேண்டும். கடைசியில் போட்டால் இழுவை முழுவதும் அந்தத் தோளில்தான் விழும், தோள் பிசகிவிடும். போடும் விதமும் தனி. நம் கையைச் சட்டைக்கையின் மணிக்கட்டுப் பக்கமிருந்து உள்ளே விட்டு, மேலே தோள் வழியாக வெளியே எடுத்து, அங்கே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, துணியை அவர் கைமேல் ஏற்ற வேண்டும். அத்தனை வருடம் சட்டைக்கையை நான் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். தைத்து, திருப்பி, அடுக்குவேன். அதற்குள் கையை விட்டு இன்னொரு கையைத் தேடியதில்லை.

பாட்டி ஒருநாள் நல்ல கையால் என் சட்டையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார். தையலை விரலால் தடவி, இழுத்துப் பார்த்து, மூக்கைச் சுளித்தார். தையல்காரி தவிர வேறு யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். நானும் தையல்காரிதான் என்று ஜாடை காட்டினேன். அன்று தொடங்கிய பேச்சு. அவர் மஞ்சூரியாவில் பிறந்தவர். ஜப்பான் தன் மக்களைக் குடியேற்றியிருந்த நிலம் அது. 1945இல் போரில் தோற்றபின், 1946 தொடங்கி ஹுலுதாவ் துறைமுகம் வழியாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். பார்த்தேயிராத சொந்த நாட்டுக்கு அகதியாக வந்த பத்து வயதுப் பிள்ளை அவர். கிஃபு ஸ்டேஷன் முன்னால் அப்படித் திரும்பியவர்கள் கொட்டகை போட்டுப் பழைய துணி விற்றார்கள். மஞ்சூரியாவின் ஹார்பின் நகரத்துப் பெயரையே அந்தத் தெருவுக்கு வைத்தார்கள். பழந்துணி விற்ற இடம்தான் பிறகு மொத்தக் கடை வீதி ஆனது. பாட்டி அங்கே பெரியவர்களைப் பார்த்துப் பார்த்தே மிஷின் மிதிக்கக் கற்றிருக்கிறார். எதற்குக் கூலி என்று கேட்டேன். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒவ்வொரு பீஸுக்கும்.

நான் அழுதேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் இருவரும் சிரித்தோம். பாட்டி தேநீர் கெட்டியாக இருப்பதைத் திட்டிக்கொண்டே குடித்தார். விழுங்குவதில் தகராறு இருப்பவர்களுக்கு அங்கே டீயிலும் மாவு கலந்து கூழ் பதத்தில்தான் கொடுப்போம். தண்ணீராகக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரலாம். குடித்து முடித்ததும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். விரலில் காஸ் துணியைச் சுற்றும்போதெல்லாம் சத்திரப்பட்டித் தறிச் சத்தம் காதில் கேட்கும். பேண்டேஜ் துணி நெய்யும் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தும், அதை இன்னொருவர் வாய்க்குள் விட்டுத் துடைப்பேன் என்று நினைத்ததில்லை.

வீட்டில் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரி வேலைம்மா" என்பேன். பெரியவர்களுக்கு டயாப்பர் மாற்றுகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. எங்கள் பக்கம் அந்த வேலையைச் செய்கிறவரை எங்கே நிறுத்தி வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அக்கம்பக்கம் என்ன பேசும் என்பதைவிட, நானே அதைக் கீழான வேலையாக நினைத்ததுதான் காரணம். ஒரு வீடியோ காலில் மாட்டிக்கொண்டேன். பின்னால் சக ஊழியர் பொதிப் பொதியாக டயாப்பர் அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா விடவில்லை, எல்லாவற்றையும் கேட்டு வாங்கினாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"இதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போன? ஒங்க அப்பத்தாளுக்கு மூணு வருசம் நான் செஞ்சதுதான இது. எனக்கு எவ சம்பளம் குடுத்தா?"

பதில் இல்லை. அந்த மூன்று வருடமும் நான் அடுத்த அறையில் மிஷினில் இருந்தேன். ஆர்டர் அவசரம் என்பேன், பெரும்பாலும் உண்மையும்கூட. ஜப்பானிலும் இது மருமகள் தலையில் விழுந்த வேலையாகத்தான் இருந்தது. 2000இல் பராமரிப்புக் காப்பீடு என்று சட்டம் நடைமுறைக்கு வந்தபிறகு நாற்பது வயது நிரம்பியவர்கள் எல்லாரும் சந்தா கட்டுகிறார்கள். முதுமையில் உதவி தேவைப்பட்டால் செலவில் பெரும்பாலோர் கொடுப்பது பத்தில் ஒரு பங்கு. அம்மா செய்ததற்கு அங்கே ஒரு விலை போட்டார்கள், அதனால்தான் எனக்குச் சம்பளம். விலை போட்டும் ஆள் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. 2040க்குள் இன்னும் 5.7 லட்சம் பேர் தேவை என்று அவர்கள் அரசாங்கமே கணக்குப் போட்டிருக்கிறது.

அப்பத்தாளுக்கு அம்மா என்ன உடுத்தினாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. பழைய நைட்டியின் முதுகைக் கத்தரியால் மேலிருந்து கீழே கிழித்து, முன்பக்கமாக மாட்டிவிடுவாள். ஊரே நைட்டி தைக்கிறது. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு ஜிப் வைத்த ஃபீடிங் நைட்டி உண்டு. படுத்துவிட்டவளுக்குக் கிழிசல்தான்.

ஜனவரியில் பராமரிப்பாளர் தேசியத் தேர்வு எழுதப் போகிறேன். தேறினால் விசாவை நீட்டிக்கொண்டே போகலாம், குடும்பத்தையும் அழைக்கலாம். படிப்புக்கு நடுவே ஒரு நைட்டிக்கு வரைபடம் போட்டு அண்ணனுக்கு அனுப்பினேன். தோளிலிருந்து கை நெடுகப் பிரித்து மூடுகிற மாதிரி, முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, முதுகில் தையலே இல்லாமல். படுத்தே இருப்பவருக்குத் தையல் மேடு முதுகை அறுக்கும். வெல்க்ரோவும் வேண்டாம் என்று எழுதினேன், துவைக்கத் துவைக்கப் பஞ்சு ஒட்டிக்கொள்ளும், கிழவிகளின் தோலைப் பிராண்டும். பிரஸ் பட்டன் போதும்.

அண்ணன் பார்த்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டான். "தாயி, கட்டிங்குக்குத் துணி ரொம்பச் சேதாரம் ஆகுது. பட்டனுக்குத் தனியா ஆள் போடணும். டஜனுக்கு என்ன ரேட்டு வைக்க? கடைக்காரன்ட்ட இத என்னன்னு சொல்லி விக்க?" அம்மா பக்கத்தில் இருந்திருக்கிறாள், குரல் கேட்டது. "மொதல்ல ஒரு டஜன் வெட்டுடா. விக்கிறத நான் பாத்துக்கிறேன்."